மனைவிக்குத் தெரியாமல் அவருடைய வாட்ஸ்அப்பைப் பார்க்கலாமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: கல்யாணமாகிச் சில வருஷம் ஆகிறது. மனைவி திடீரென்று போன் லாக்கை மாற்றிவிட்டார், ராத்திரி வெகுநேரம் ஆன்லைனில் இருக்கிறார், பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைக்கிறார். அவருக்குத் தெரியாமல் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் பார்க்க வழி உண்டா, அப்படிப் பார்ப்பதில் தப்பு என்ன?

வழி இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன். நான் பாம்பன் பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உடைந்த டிஸ்பிளேயும் உப்புத்தண்ணி ஏறிய சார்ஜிங் போர்டும்தான் பிழைப்பு. ஆனால் கடையில் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, உங்கள் கேள்வியையே கேட்கிறவர்கள் அவ்வப்போது வருவார்கள். ஆண்கள்தான் அதிகம். பெண்கள் வராமலும் இல்லை.

முதலில் அந்த ‘ராத்திரி ஆன்லைன்’ சமாச்சாரம். எங்கள் ஊர்ப்பக்கம் விசைப்படகு மீன்பிடிக்கப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். கொஞ்ச தூரம் போனதுமே சிக்னல் போய்விடும். நடுராத்திரியில் நெடுந்தீவு பக்கம் இலங்கை நேவி படகைப் பிடித்துவிட்டது என்று ஒரு தகவல் வந்தால் போதும், தங்கச்சிமடத்தில் அதற்கு மேல் எந்த வீட்டிலும் தூக்கம் கிடையாது. யார் படகு, எத்தனை பேர், எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று குரூப்பில் வாய்ஸ் மெசேஜாக ஓடும். இப்படி ஒரு ராத்திரிக்குப் பிறகு கரைக்கு வந்த ஒரு அண்ணன், மனைவி கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார்.

“தம்பி, மணி மூணு பத்து. அந்த நேரத்துல இவளுக்கு என்ன பேச்சு?”

“அண்ணே, நீங்க எங்க இருந்தீங்க அப்ப?”

“கடல்ல.”

“அதான்.”

அவருக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

துபாய், அபுதாபியில் இருப்பவர்கள் கதை வேறு மாதிரி. அங்கே மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். வேலை முடிந்து வந்து, சமைத்துச் சாப்பிட்டு, பன்னிரண்டு மணிக்குப் படுக்கிறவருக்கு இங்கே ஒன்றரை. அங்கே வாட்ஸ்அப்பில் கால் பேச முடியாது என்பதால் போட்டிம் மாதிரி வேறு ஆப்பில் பேசுவார்கள். பேசி முடித்து வைத்த பிறகு வாட்ஸ்அப்பைத் திறந்தால் மனைவி ஆன்லைனில் இருக்கிறார். அவ்வளவுதான், அன்றைக்குத் தூக்கம் போச்சு. இத்தனை நேரம் உங்களோடு பேசிவிட்டு, வந்து கிடந்த மெசேஜைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

சரி, போனைக் கவிழ்த்து வைப்பது? என் அனுபவத்தில், மறைக்கிற விஷயம் பெரும்பாலும் ஆள் இல்லை, பணம். மகளிர் குழுக் கடன், லோன் ஆப், மீட்க முடியாமல் கிடக்கும் நகை, ஆண்கள் பக்கம் என்றால் ஆன்லைன் ரம்மி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் வீட்டில்தான் இருப்பார்கள். சந்தேகக் கேஸ் கடைக்கு அதிகம் வருவதும் அப்போதுதான். சும்மா இருக்கிற மனுஷனுக்கு வேறு என்ன வேலை! அப்படி ஒருத்தர் மனைவியின் போனைக் கொண்டுவந்து, “ஹேங்க் ஆகுது, லாக்கை எடுத்துக் குடு” என்றார். போன் யாருடையதோ அவர் வந்தால்தான் லாக்கில் கைவைப்பேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். அந்த அக்கா லாக்கைத் திறந்து கவுண்டர் மேல் வைத்துவிட்டு, “எங்க ஹேங்க் ஆகுது, காட்டுங்க” என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு எஸ்எம்எஸ் வந்து விழுந்தது. அடகு வைத்த நகைக்கு வட்டி பாக்கி, கட்டாவிட்டால் ஏலம். அவர் குனிந்து இரண்டு தடவை படித்தார்.

“எந்த நகை?”

“செயினு. அம்மாவ ஆஸ்பத்திரியில சேத்தப்ப வச்சது. மீட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“இதுக்கா போனைக் கவுத்துக் கவுத்து வச்ச?”

“வேற எதுக்குன்னு நெனச்சீங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி டெம்பர்டு கிளாஸ் என்ன விலை என்று கேட்டார்.

எல்லாக் கேஸும் இப்படித்தான் இருக்கும் என்று நான் கதைவிட வரவில்லை. உண்மையிலேயே இன்னொரு ஆள் இருந்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கேயும் திருட்டுத்தனமாகப் பார்த்தவருக்கு அது கைகொடுக்கவில்லை. பேச்சை எடுத்த முதல் நிமிஷத்திலேயே “என் போனை எப்படிப் பார்த்தீங்க?” என்று கேள்வி திரும்பிவிடும். அப்புறம் சண்டை அதைப் பற்றித்தான் நடக்கும், அந்த இன்னொரு ஆளைப் பற்றி இல்லை.

“ஒரே ஒரு தடவை பார்த்துட்டா நிம்மதியாயிடுவேன்” என்று எல்லோரும் சொல்வார்கள். ஆக மாட்டீர்கள். சாட்டில் ஒன்றும் இல்லை என்றால் அழித்துவிட்டாள் என்று தோன்றும். ஆண் பெயரே இல்லை என்றால் பெண் பெயரில் சேவ் செய்திருக்கிறாள் என்று தோன்றும். வாட்ஸ்அப்பில் தானாக மறையும் மெசேஜ் உண்டு, சாட்டைத் தனியாகப் பூட்டுகிற வசதியும் 2023இல் வந்துவிட்டது. ஆக, எதுவும் கிடைக்காததே ஆதாரமாகிவிடும். நாளைக்கு மறுபடி பார்ப்பீர்கள்.

இன்னொன்று, அந்த போனில் இருப்பது உங்கள் இரண்டு பேர் விஷயம் மட்டும் இல்லை. அவர் தோழியின் வீட்டுச் சண்டை இருக்கும், தங்கையின் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கும். உங்கள் அம்மாவைப் பற்றி அவர் அக்காவிடம் புலம்பியதும் இருக்கும். அதைப் படித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி ஒரே தட்டில் சாப்பிட உங்களால் முடியுமா?

சட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில் பலருக்கும் குழப்பம். நம் மாவட்டத்துப் பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து வழக்கு. கணவர் மனைவியின் போன் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஆதாரமாகக் கொடுத்தார். அது மேலே போய், 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, ஒருவரை ஒருவர் வேவு பார்க்கக் கூடாது என்றது தீர்ப்பு. அப்புறம் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், மனைவியோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்ததை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. இந்தச் செய்தி வந்ததும் ‘இனிமே பார்க்கலாமாமே’ என்று கடைக்கு வந்தவர்கள் உண்டு. அந்த வழக்கில் அவர் பதிவு செய்தது தன்னோடு மனைவி பேசியதை. மனைவி மற்றவர்களோடு பேசுவதை ஆப் போட்டு ஒட்டுக்கேட்டது இல்லை. அதோடு, ஒருவரை ஒருவர் வேவு பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டால் அந்த உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அடுத்தவர் போனுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். தாலி கட்டியவருக்கு என்று தனியாக விலக்கு ஏதும் அதில் எழுதவில்லை.

என் தொழில் சம்பந்தப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். வேவு பார்க்கிற ஆப்பைப் போட வேண்டுமென்றால் பெரும்பாலும் கெட்ட ஆப்பைத் தடுக்கிற ப்ளே ப்ரொடெக்டை அணைக்கச் சொல்வார்கள், திரையில் இருப்பதைப் படிக்க விடுகிற அக்சசிபிலிட்டி அனுமதியைக் கேட்பார்கள். அதைக் கொடுத்த பிறகு திரையில் தெரிகிற எல்லாமே, வங்கி ஓடிபி, பிள்ளைகள் போட்டோ உட்பட, எங்கேயோ இருக்கிற எவனோ ஒருத்தன் சர்வருக்குப் போகும். மனைவியை நம்பாமல் அவனை நம்புகிறீர்கள் என்று அர்த்தம். டெலிகிராமில் ‘நம்பர் கொடுத்தால் வாட்ஸ்அப் ஹேக்’ என்று பணம் கேட்கிறவர்கள் முக்கால்வாசி சுத்த ஃப்ராடு. பணத்தை வாங்கிக்கொண்டு, உன் மனைவிக்கே சொல்லிவிடுவேன் என்று மறுபடி பணம் கேட்பான். சைபர் குற்றப் புகார் எண் 1930க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்தான். எதற்காகப் பணம் அனுப்பினீர்கள் என்று கேட்பார்களே!

பாஸ்வேர்டே தெரியக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் லாக் நம்பர் வீட்டில் தெரியும், அவருடையது எனக்கும் தெரியும், பையனுக்கு இரண்டுமே தெரியும் என்பதுதான் பிரச்சினை. கேட்டுக் கொடுத்த நம்பரும் தூங்கும்போது விரலை எடுத்து வைத்துத் திறப்பதும் ஒன்றில்லை. அடித்தோ மிரட்டியோ நம்பரைப் பிடுங்குவது, போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வது எல்லாம் சந்தேகம் என்கிற கணக்கில் வராது, கொடுமையில் சேரும். அந்த நிலையில் இருக்கிற பெண்கள் யாராவது இதைப் படித்தால் பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். “யாரு கூட பேசுற?” என்று ஆரம்பிக்காதீர்கள், அது போலீஸ் கேள்வி. “நீ லாக் மாத்துனதுலருந்து எனக்கு மனசு சரியில்ல, ஏதாச்சும் பிரச்சினையா?” என்று கேளுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, உங்கள் போனையும் தள்ளி வைத்துவிட்டு. முதல் நாளே பதில் வராது. நகை, கடன், உடம்பு, பிறந்த வீடு என்று எது வேண்டுமானாலும் வெளியே வரலாம். நீங்கள் பயப்படுவதே வந்தாலும், அதை அவர் வாயால் கேட்டுவிட்டால் அடுத்தது என்ன என்று இரண்டு பேரும் பேச ஒரு இடம் இருக்கும்.

ஏற்கெனவே எதையாவது போட்டுவிட்டு இங்கே வந்து கேட்கிறீர்கள் என்றால், இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவர் வாட்ஸ்அப்பை உங்கள் கம்ப்யூட்டரில் இணைத்திருந்தால், அவருடைய போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தில் அது கடைசியாக ஓடிய நேரத்தோடு தெரியும். அவர் இன்னும் அங்கே போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.