54 என்ற எண் சொல்லும் சேதி: ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் வைஃபை ஏன் தவழ்கிறது?

கேள்வி: என்னிடம் ஆர்ச்சர் சி7 ரவுட்டர், இரண்டாம் பதிப்பு இருக்கிறது. போன மாதம் அதில் கம்பெனி ஃபர்ம்வேரை (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) எடுத்துவிட்டு, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ஃபர்ம்வேரைப் போட்டேன். வீட்டு ஃபைபர் இணைப்பு 200 எம்பிபிஎஸ். கேபிள் செருகிய லேப்டாப்பில் 190 வரை வருகிறது. அதே அறையில் போனில் சோதித்தால் 22-ஐத் தாண்டுவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்தாலும் அதே கதை. போனின் வைஃபை விவரத்தில் லிங்க் ஸ்பீட் (போனும் ரவுட்டரும் காற்றில் பேசிக்கொள்ளும் வேகம்) 54 எம்பிபிஎஸ் என்று இருக்கிறது. ஒரு வீடியோவைப் பார்த்து டபிள்யூஎம்எம் என்ற வசதியை அணைத்தேன், நாட்டை அமெரிக்கா என்று மாற்றிப் பவரை முழுதாக ஏற்றினேன். பழைய பிரின்டர் சேரவில்லை என்று பாஸ்வேர்ட் முறையிலும் எதையோ மாற்றிய ஞாபகம். பேசாமல் கம்பெனி ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடலாமா?

பதில்: இப்போதைக்குத் திரும்ப வேண்டாம். உங்கள் கேள்விக்குள்ளேயே விடை கிடக்கிறது. பலரும் ஸ்பீட் டெஸ்ட் எண்ணை மட்டும் எழுதி அனுப்புவார்கள். நீங்கள் லிங்க் ஸ்பீடையும் எழுதியிருக்கிறீர்கள். வேலை பாதி முடிந்தது.

54 என்பது தற்செயலாக வரும் எண் இல்லை. 1999-ல் வந்த 802.11ஏ, 2003-ல் வந்த 802.11ஜி என்ற வைஃபை தரங்கள் இரண்டுக்கும் உச்ச வேகம் அதுதான். 2009-ல் வந்த 'என்' தரமோ அதற்குப் பிறகு வந்த 'ஏசி' தரமோ வேலை செய்தால், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் போன் 54-ல் நிற்காது. அதாவது உங்கள் ரவுட்டரும் போனும் இருபது வருடத்துக்கு முந்தைய மொழியில் பேசிக்கொண்டிருக்கின்றன. 22 என்ற அளவும் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. காற்றில் 54 என்றால் ஸ்பீட் டெஸ்டில் 20 முதல் 25 வரைதான் தேறும். மிச்சம் ஒப்புகைக்கும், ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருப்பதற்கும் போய்விடும்.

ஏன் இப்படி ஆனது? முதல் சந்தேகம் நீங்கள் அணைத்த அந்த டபிள்யூஎம்எம் மேல்தான். குரல், வீடியோ போன்றவற்றுக்கு முன்னுரிமை தரும் வசதி என்று அதற்கு விளக்கம் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, 'ஓகோ, மற்றதையெல்லாம் இது பிடித்து வைக்கிறது போல' என்று வீடியோ போடுகிறவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் 'என்' தரத்தின் வேகத்துக்கு அடித்தளமே அதுதான். பழைய முறையில் ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவின் சிறு துண்டு) தனித்தனி ஆட்டோவில் போகும். ஒன்று போய்ச் சேர்ந்து, 'வந்தது' என்ற பதில் வந்த பிறகுதான் அடுத்தது கிளம்பும். 'என்' தரம் பல பாக்கெட்டுகளை ஒரே பஸ்ஸில் ஏற்றி அனுப்பி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வாங்கிக்கொள்கிறது. அந்த பஸ் ஓட டபிள்யூஎம்எம் வேண்டும். ரவுட்டரில் அது இல்லை என்று கண்டதும் போன் சண்டை போடாது, எச்சரிக்கையும் காட்டாது. சத்தமில்லாமல் பழைய முறைக்கு இறங்கிவிடும்.

இரண்டாவது சந்தேகம் பிரின்டருக்காகச் செய்த மாற்றம். 'எதையோ' என்கிறீர்களே, அது பெரும்பாலும் டிகேஐபி என்ற பழைய மறையாக்க முறையாக இருக்கும். டபிள்யூஇபி என்ற அதைவிடப் பழைய மறையாக்கக் காலத்துக் கருவிகளைத் தூக்கிப்போடாமல் காப்பாற்றுவதற்காகச் செய்த ஒட்டு வேலை அது. புதிய வேகங்களோடு அதைச் சேர்த்துப் பயன்படுத்த 'என்' தரம் அனுமதிப்பதில்லை. டிகேஐபி மட்டும்தான் என்று அமைத்துவிட்டால், ரவுட்டருக்குள் வைஃபையை நடத்தும் ஹோஸ்ட்ஏபிடி நிரல் தானாகவே 'என்' வசதிகளை நிறுத்திவிடும். இதுவும் கொண்டுபோய் விடுவது அதே 54-ல்தான். டிகேஐபி, புதிய முறையான ஏஇஎஸ் இரண்டும் கலந்த அமைப்பில் பல போன்கள் தப்பித்துவிடும், ஆனால் நம்பக்கூடாது.

எனவே ஓப்பன்டபிள்யூஆர்டியின் அமைப்புப் பக்கமான லூசியில் நெட்வொர்க், அதற்குள் வயர்லெஸ் போங்கள். ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் எடிட் அழுத்தி, டபிள்யூஎம்எம் மோடில் டிக் போடுங்கள். செக்யூரிட்டி பகுதியில் டபிள்யூபிஏ2-வும், சைஃபர் என்ற இடத்தில் சிசிஎம்பி (ஏஇஎஸ்) மட்டும் என்பதும் இருக்கட்டும். மேலே ஆபரேட்டிங் மோடில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு 'ஏசி', அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அங்கே 'லெகசி' என்று இருந்தால் நம் சந்தேகப் பட்டியலில் மூன்றாவது ஆளும் சேர்ந்துவிடுவார். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு ரேடியோவிலும் செய்ய வேண்டும். ஒன்றில் மட்டும் செய்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லை' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அப்புறம் போனில் அந்த நெட்வொர்க்கை 'மறந்துவிடு' என்று சொல்லி மறுபடி சேருங்கள்.

இப்போது லிங்க் ஸ்பீட் என்ன காட்ட வேண்டும்? 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு ஆன்டெனா உள்ள 'ஏசி' போன் என்றால் 433, இரண்டு ஆன்டெனா என்றால் 866 அல்லது 867. 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இதே கணக்கு 72, 144. ஸ்பீட் டெஸ்டில் இவற்றில் பாதியோ கொஞ்சம் கூடவோ வந்தால் நல்ல நிலை. 2.4-ல் உட்கார்ந்துகொண்டு 200 எம்பிபிஎஸ் எதிர்பார்த்தால் எந்த ஃபர்ம்வேராலும் தர முடியாது. சோதனை முடியும்வரை இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். ஒரே பெயர் என்றால் போன் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியாமல் போகும்.

இடையில் ஒன்று. லூசியில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் சில சமயம் 6 எம்பிபிஎஸ், 24 எம்பிபிஎஸ் என்று பார்த்துப் பதறவேண்டாம். போன் சும்மா இருக்கும்போது 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று அனுப்பும் சின்னச் செய்திகள் வேண்டுமென்றே குறைந்த வேகத்தில் போகும். கடைசியாகப் போன செய்தியின் வேகத்தைத்தான் அந்தப் பட்டியல் காட்டுகிறது. எதையாவது டவுன்லோட் செய்துகொண்டே பாருங்கள். பக்கத்திலேயே சிக்னல் அளவும் இருக்கும். மைனஸ் 50, 60 டிபிஎம் என்றால் நன்று. மைனஸ் 70-க்குக் கீழே போனால் அமைப்பைக் குடைவதை விட்டுவிட்டு, ரவுட்டரைச் சுவர் மூலையிலிருந்தும் பீரோ பின்னாலிருந்தும் வெளியே எடுங்கள்.

அமெரிக்காவை இந்தியா என்று மாற்றிவிடுங்கள். எந்தச் சேனலில் எவ்வளவு சக்தியில் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு, இந்தக் குறியை வைத்துத்தான் ரவுட்டர் அதை முடிவு செய்கிறது. 2018 முதல் இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸில் 5150-லிருந்து 5350 வரையும், 5470-லிருந்து 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் வீட்டு வைஃபைக்கு லைசென்ஸ் தேவையில்லை. மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ், தாராளமான இடம். 36 அல்லது 149-ஆம் சேனலில் தொடங்குங்கள். 52 முதல் 144 வரையுள்ளவை ரேடாரோடு பங்குபோடும் சேனல்கள். அவற்றைத் தேர்ந்தால் ரவுட்டர் முதலில் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒளிபரப்பைத் தொடங்கும். '5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் காணவே காணோம்' என்று அதற்குள் மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

பவரை ஏற்றியதால் லாபம் ஒன்றுமில்லை. ரவுட்டர் மைக் வைத்துப் பேசலாம், போன் வெறும் தொண்டையில்தான் பதில் சொல்ல வேண்டும். சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும், வேகம் அப்படியே இருக்கும்.

சரி, லிங்க் ஸ்பீட் 433, 867 என்று வந்தபிறகும் ஸ்பீட் டெஸ்ட் 100-ல் நின்றால்? அது வேறு நோய். காற்றில் குறையில்லை, பெட்டிக்குள் மூச்சு வாங்குகிறது. உங்கள் ஆர்ச்சர் சி7-ல் இருப்பது 720 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள, ஒற்றைக் கரு (கோர்) கொண்ட குவால்காம் சிப். கம்பெனி ஃபர்ம்வேரில் பாக்கெட்டுகளை இணையத்துக்கும் வீட்டுக்கும் இடையே கடத்த ஒரு குறுக்குவழி உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டியில் அமைப்பை அப்படியே விட்டால் ஒவ்வொரு பாக்கெட்டும் லினக்ஸின் முழு வரிசையிலும் நின்று போகும். வைஃபை வேலையையும் அதே ஒரு கருதான் பார்க்கிறது. அதனால்தான் கேபிளில் 190 வந்ததை வைத்து 'சிபியூ போதும்' என்று சொல்லிவிட முடியாது. கேபிளில் பாதிச் சுமைதான்.

கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரில் எஸ்எஸ்ஹெச் வழியாக (கணினியிலிருந்து ரவுட்டருக்குக் கட்டளை தட்டும் வழி) நுழைந்து டாப் கட்டளையைக் கொடுத்துவிட்டு, போனில் ஸ்பீட் டெஸ்டை ஓடவிடுங்கள். மேல் வரியில் 'எஸ்ஐஆர்க்யூ' என்ற இடம் நூறு சதவீதத்தை நெருங்கி, 'ஐடில்' பூஜ்யத்துக்கு வந்தால் சிபியூ திணறுகிறது. அப்போது ஃபயர்வால் பக்கத்தில் சாஃப்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை இயக்குங்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் இணைப்பின் பாக்கெட்டுகள் முழு வரிசையில் நிற்காமல் பக்கவழியில் போய்விடும். ஹார்ட்வேர் ஆஃப்லோடிங் உங்கள் சிப்புக்குக் கிடையாது. மீடியாடெக் எம்டி7621 போன்றவற்றில் உண்டு. எஸ்க்யூஎம் போட்டிருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். வீடியோ காலும் டவுன்லோடும் ஒன்றையொன்று மிதிக்காமல் பார்த்துக்கொள்ளும் அருமையான வசதி அது, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் அது எண்ணிப் பார்த்தாக வேண்டும். 200 எம்பிபிஎஸ்ஸில் எஸ்க்யூஎம், வைஃபை இரண்டையும் இந்தச் சிப் சுமக்காது. ஆஃப்லோடிங்கும் எஸ்க்யூஎம்மும் ஒன்றாக ஒத்துப்போகவும் செய்யாது. ஏதாவது ஒன்று.

இதைச் சோதிக்கப் பலரும் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் நிரலை ரவுட்டரிலேயே நிறுவி ஓட்டுகிறார்கள். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். சோதனைத் தரவை உருவாக்கவே அந்தச் சின்ன சிபியூ தன் பலத்தைச் செலவழித்துவிடும், எண் கண்டபடி குறையும். லேன் துளையில் கேபிளால் இணைத்த லேப்டாப்பில் சர்வரை ஓடவிட்டு, போனிலிருந்து வைஃபையில் சோதியுங்கள். இணையமே இதில் சம்பந்தப்படாது. இங்கே 250 வந்து, ஸ்பீட் டெஸ்டில் 100 வந்தால் வைஃபையைத் திட்டுவதை நிறுத்திவிட்டு ரவுட்டிங் பக்கம் போகலாம். இங்கேயும் 100 என்றால் வைஃபை டிரைவரைப் பார்க்க வேண்டும்.

டிரைவர் என்று வந்தால் உங்கள் மாடலுக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் சிப்பான க்யூசிஏ9880-க்கு ஓப்பன்டபிள்யூஆர்டி முன்னிருப்பாகத் தருவது 'ஏடிஹெச்10கே-சிடி' என்ற வகை. குவால்காமின் சொந்த ஃபர்ம்வேரோடு ஓடும் 'சிடி' இல்லாத வகையும் கிடைக்கிறது. சில வீடுகளில் ஒன்று நன்றாக ஓடும், சிலவற்றில் மற்றது. மாற்றிப் பார்ப்பதில் தப்பில்லை. டிரைவர், ஃபர்ம்வேர் இரண்டு பொதிகளையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் ரேடியோவே எழாது. இந்த வேலையைக் கேபிளில் உட்கார்ந்து செய்யுங்கள், புதியவற்றை முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையில் உட்கார்ந்தபடி வைஃபை டிரைவரை அழிப்பது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற கதைதான்.

மீடியாடெக் சிப் உள்ள ரவுட்டர் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு இந்த டிரைவர் தொல்லை இல்லை. அங்கே பாக்கெட் ஸ்டியரிங்கை இயக்கி, சுமையைப் பல கருக்களுக்கும் பிரித்தாலே பெரும்பாலும் போதும். பிராட்காம் வைஃபை சிப் என்றால் மட்டும் என் பதில் வேறு: கம்பெனி ஃபர்ம்வேருக்குத் திரும்பிவிடுங்கள். அந்தச் சிப்புகளுக்குத் திறந்த டிரைவர்கள் போதுமான அளவில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்ததே பிராட்காம் சிப் உள்ள ஒரு பெட்டியில்தான். 2002-ல் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி அது. பெயரிலுள்ள 'டபிள்யூஆர்டி' அங்கிருந்து வந்ததுதான்.

2.4 கிகாஹெர்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடுக்குமாடியில் இருந்தால் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் போதும்; சேனல் 1, 6, 11-ல் கூட்டம் குறைந்தது எதுவோ அது. 40-க்கு ஆசைப்பட்டால் பக்கத்து வீட்டு வைஃபையைக் கண்டதும் ஹோஸ்ட்ஏபிடி தானே 20-க்கு இறங்கிவிடும். அதைக் கட்டாயப்படுத்தும் வழி உண்டு, பக்கத்து வீட்டுக்காரரும் அதையே செய்தால் இருவருக்கும் நஷ்டம். யூஎஸ்பி 3 துளை உள்ள ரவுட்டரில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அந்த இணைப்பின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விழும்.

கடைசியாக உங்கள் பிரின்டர். அது ஏஇஎஸ் சிசிஎம்பியில் சேர மறுத்தால் அதற்காக மொத்த வீட்டையும் பழைய காலத்துக்கு இழுக்க வேண்டியதில்லை. கம்பெனி ஃபர்ம்வேரில் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள். இங்கே ஒரே ரேடியோவில் பல பெயர்கள் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி மறையாக்கம் தரலாம். 2.4-ல் 'பிரின்டர்' என்று இரண்டாவது பெயர் ஒன்றை உருவாக்கி, டிகேஐபியை அதற்கு மட்டும் கொடுங்கள். டிகேஐபி இன்று பாதுகாப்பானதாகக் கருதப்படுவதில்லை. எனவே அந்தப் பெயருக்குத் தனிப் பாஸ்வேர்ட் வையுங்கள், வேறு எந்தக் கருவியையும் அதில் சேர்க்காதீர்கள். பிரின்டரில் லேன் துளை இருந்தால் இதெல்லாம் எதற்கு, ஒரு கேபிளை இழுத்துச் செருகிவிடுங்கள்.