ஆலையை மூடிய பிறகு கிணற்று நீரைக் குடிக்கலாமா?

வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆலையை மூடிவிட்டார்கள், இனிக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். காரீயமும் ஆர்செனிக்கும் குரோமியமும் அப்படியே இருக்கும். நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

இதை நான் அறிந்துகொண்டது பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் பக்கம் உள்ள என் அத்தை வீட்டில். வேலிக்கு அப்பால், பழைய கார் பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுக்கும் கொட்டகை ஒன்று சில ஆண்டுகள் நடந்தது. அமிலத்தை மண்ணிலேயே ஊற்றினார்கள். கொட்டகை காலியான பிறகு, குழாய் நீர் தடைப்படும் நாள்களில் அத்தை பழையபடி கிணற்றில் இறைக்கத் தொடங்கினார். நான் தடுத்தபோது ஒரு செம்பு நீரை என் முகத்துக்கு நேரே நீட்டி, "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, பாருய்யா" என்றார். உண்மைதான், நிறமுமில்லை, நாற்றமுமில்லை. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது, காரீயம் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. காரீயம் குழந்தைகளின் வளரும் மூளையைத்தான் அதிகம் பாதிக்கிறது. அந்த நீரில்தான் என் அக்காள் பிள்ளைக்குப் பால்மாவு கலக்கியிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

ஆலை நின்றாலும் மண்ணில் ஊறிய நஞ்சு நிற்பதில்லை. ஒவ்வொரு மழைக்கும் அது சிறிது சிறிதாகக் கீழே இறங்குகிறது. ஆற்றில் விழுந்த கழிவு சில நாள்களில் கடலைச் சேர்ந்துவிடலாம், ஆனால் நிலத்தடி நீர் ஓர் ஆண்டு முழுவதும் சில மீட்டர் தூரமே நகரும் இடங்கள் உண்டு. தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் ஆலைகள் குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பில், திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் ஆய்வு செய்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதாகப் பதிவாகியுள்ளது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடந்தவர்கள் அந்த ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும்தான்.

நம் மலேசியாவிலும் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (சட்டம் பட்டியலிட்டுள்ள அபாயகரமான கழிவு) விதிமுறைகளில் காரீய அமில பேட்டரிக் கழிவு எஸ்டபிள்யூ 102 என்ற குறியீட்டின் கீழ் வருகிறது. அத்தகைய கழிவை 180 நாள்களுக்கு மேல் வளாகத்தில் தேக்கி வைக்கக் கூடாது. எனவே சுற்றுச்சூழல் துறைக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அங்கு என்ன தொழில் நடந்தது என்பதையும் எழுதுங்கள். எந்த உலோகத்தைத் தேட வேண்டும் என்று சொல்லாமல் நீரைச் சோதனைக்குக் கொடுத்தால், பெரும்பாலும் கிருமிகளை மட்டும் பார்த்துவிட்டு நல்ல நீர் என்று சொல்லிவிடுவார்கள். முதன்முறை எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது.

அந்த நீரைக் கீரைப் பாத்திக்கும் விடாதீர்கள். அத்தை வீட்டுக் கிணற்றைத் துத்தநாகத் தகடு போட்டு மூடிவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து மாதிரி எடுக்கிறோம். சென்ற மாதம் எடுத்ததிலும் காரீயம் குறையவில்லை.