20 லிட்டர் தொட்டியில் பவளம் வளர்க்கலாமா?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். மேசை மேல் வைக்கக்கூடிய 20 லிட்டர் கடல்நீர்த் தொட்டியை விளக்கு, வடிகட்டி, இரண்டு உயிர்ப் பவளத் துண்டுகள் எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். "சின்னத் தொட்டிதானே, வேலையும் கம்மி; வீட்டு ஆர்.ஓ. தண்ணீரே போதும்" என்கிறார். மகளுக்கு மிகவும் ஆசை. வாங்கலாமா?

பதில்: விலை பேசுவதற்கு முன், அந்த இரண்டு துண்டுகளும் என்ன வகை என்று கேளுங்கள். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவற்றோடு சேர்ந்து, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. அழகுக்காக வைக்கும் உலர்ந்த பவளக் கல்லுக்கும் இதே விதிதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. "வெளிநாட்டுச் சரக்கு சார்" என்ற வாய்ச்சொல் உங்களுக்குக் கைகொடுக்காது, ஏனெனில் கடினப் பவளங்கள் நாடு விட்டு நாடு போவதற்கே சைட்டீஸ் (அழிவாபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகவே கடினப் பவளத்தைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. தொட்டிக்குள் அடுக்கும் கல்லும் பீங்கானில் செய்த செயற்கைக் கல்லாக இருக்கட்டும்.

அடுத்தது, "சின்னத் தொட்டி, வேலை கம்மி" என்ற பேச்சு. உண்மை இதற்கு நேர்மாறானது. 20 லிட்டர் தொட்டியில் கல்லும் மணலும் போக ஏறத்தாழ 16 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். மின்விசிறிக் காற்றில் நாளொன்றுக்கு 400 மில்லி ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்தான் போகுமே தவிர உப்பு போகாது என்பதால், மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறத்தாழ 38 கிராம் ஆகிவிடும். அதே இழப்பு 200 லிட்டர் தொட்டியில் நடந்தால் 35 என்பது 35.2 ஆகும், பவளத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது. குறைந்த அளவை நிரப்ப ஊற்ற வேண்டியது உப்பில்லாத தூய நீர். புதிதாக வாங்குபவர்கள் உப்பு நீரையே ஊற்றி நிலைமையை இன்னும் கெடுத்துவிடுகிறார்கள். உப்பை அளக்க, மிதவை மானியைவிட ஒளிவிலகல் மானி நம்பகமானது. அதைச் சரிபார்க்கும் 35 அளவுத் திரவத்தையும் அதோடு சேர்த்தே வாங்குங்கள்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்க முடியாது. இப்போது விற்கும் பல கருவிகள் சுவைக்காகச் சில உப்புகளைத் திரும்பக் கலக்கின்றன; சில மாடல்கள் "காப்பர்" என்று பெருமையாக எழுதிச் செம்பையே சேர்க்கின்றன. நமக்கு நல்லது என்று விற்கப்படும் அந்தச் செம்பு, மிகச் சிறிய அளவிலும் பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு. உங்கள் கருவி அந்த வகை என்றால், அதன் நீரைத் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள்.

சென்னை வெயில் இன்னொரு செலவு. பெரும்பாலான பவளங்களுக்கு 24 முதல் 27 டிகிரி வெப்பம் ஏற்றது. மே மாதத்தில் மூடிய வீட்டுக்குள் நீர் 30 டிகிரியைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால், பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். சிறு விசிறி வைத்தால் ஓரளவு குளிரும். ஆனால் கடலோர ஈரக்காற்றில் அதன் பலன் குறைவு, ஆவியாதலோ கூடும். எனவே குளிர்விப்பானின் விலையையும் மின்கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே அந்தத் "தொகுப்பு விலை" மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், மேலே சொன்ன பட்டியலில் வராத, கல் எலும்புக்கூடு இல்லாத மென்மையான காளான் பவளம் போன்றவற்றில் தொடங்கலாம். வகையின் பெயர் எழுதிய ரசீதைக் கட்டாயம் வாங்குங்கள். பொத்தான் பொத்தானாக விரியும் ஜோவாந்திட் வகைகளையும் கடைகளில் காட்டுவார்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவற்றைக் கையாளக் கூடாது. அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்தால் ஆவியே ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தொட்டியையும் பவளத்தையும் ஒரே நாளில் தருகிறேன் என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் நிலைபெறுவதற்கே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பவளம் இல்லாத தொட்டியை முதலில் வாங்கி, நீர்மட்டத்தைக் கண்ணாடியில் ஒட்டுநாடாவால் குறித்து, தினமும் குறைந்ததை ஊற்றும் பொறுப்பை மகளிடம் கொடுங்கள். பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனால் அந்தக் கோடு வரை யார் வந்து ஊற்றுவார் என்பதையும் அதற்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.