வெள்ளத்தில் நனைந்த மிருதங்கத்தை வெயிலில் வைக்காதீர்கள்

கேள்வி: எங்கள் மிருதங்க மாஸ்டரின் வீடு வெல்லம்பிட்டியில். களனி ஆறு பெருகி வீட்டுக்குள் நாலு அடிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று மிருதங்கம், மாஸ்டரின் மனைவி படிப்பிக்கும் வீணை, ஒரு வயலின், சுருதிப்பெட்டி, கீபோர்ட், பல வருடமாக எழுதிவைத்த கொப்பிகள், கசெட்டுகள் எல்லாமே நனைந்துபோயின. பக்கத்து வீட்டு ஓவியரின் படங்களுக்கும் அதே கதிதான். பழைய மாணவர்கள் நாங்கள் கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறோம். புது வாத்தியம் வாங்கிக் கொடுக்கலாமா? வெயில் எறித்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் காயப்போடச் சொல்லலாமா?
– பழைய மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வெயிலில் எதையும் வைக்க வேண்டாம். புது வாத்தியமும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நனைந்த வாத்தியங்களில் பெரும்பாலானவற்றை மீட்கலாம். வெள்ளத்தில் தப்பியவை வெயிலில் பிளந்து போவதுதான் அடிக்கடி நடக்கிறது. 2010 மே மாதம் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கம்பர்லன்ட் ஆறு பெருகியபோது, இசைக்கலைஞர்கள் வாத்தியங்களைப் பாதுகாப்புக்கு வைத்திருந்த பெரிய களஞ்சியமொன்று மூழ்கியது. அங்கே கித்தார்களைச் சீராக்கியவர்கள் முதலில் சொன்னதும் இதுதான்: அவசரப்படாமல் மெதுவாகக் காயவிடுங்கள்.

வீட்டுக்குள் போகுமுன் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சேற்றைத் தொடும் எல்லாரும் கையுறையும் பூட்ஸும் போட வேண்டும். மலக்குழித் தண்ணீர் கலந்த சேறு அது. எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது. காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் இறங்கவே கூடாது. தடுப்பு மாத்திரை தேவையா என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். எதையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரியும்படி போனில் படம் பிடித்துவிடுங்கள். கிராம சேவகரிடம் சேத விபரம் கொடுக்கும்போது வாத்தியங்களை வீட்டுத் தளபாடத்தோடு சேர்த்து எழுதாமல், தொழிற்கருவி என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். மாஸ்டரின் சீவனோபாயமே அதுதான். அந்தச் சேத விபரத்தின் ஒரு பிரதி பிரதேச செயலகத்திலுள்ள கலாசார உத்தியோகத்தரிடமும் போகட்டும்.

இனி மிருதங்கம். சேறு ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்தெடுங்கள். காய்ந்தபின் தேய்த்தால் சேற்றில் உள்ள மணல் மரத்தைக் கீறும். தோலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வலந்தலையில், அதாவது வலது கைப் பக்கத் தோலில், உள்ள சாதம் என்கிற கறுப்பு வட்டம் கல்பொடியும் சோறும் குழைத்துப் போட்டது, ஊறினால் கழன்றுவிடும். அதைக் காப்பாற்றப் பார்ப்பது வீண்வேலை. மூட்டு, அதாவது வாயில் கட்டும் தோல் முகம், எப்படியும் காலத்துக்குக் காலம் மாற்றுகிற ஒன்றுதான். காப்பாற்ற வேண்டியது பலா மரத்தில் கடைந்த உடலை. அதற்கு ஈரம் இருக்கும்போதே, இரண்டு தலையையும் இழுத்துக் கட்டியிருக்கும் தோல்வாரைத் தளர்த்திவிட வேண்டும். ஊறிய தோல்வார் காயும்போது சுருங்கி இறுகும். அதுவும் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. ஊறி இளகிய மரத்தின் விளிம்பு அந்த இழுப்பைத் தாங்காது. முடிச்சு அவிழாவிட்டால் வாரை வெட்டிவிடச் சொல்லுங்கள். வார் போனால் வேறு வார் கட்டலாம். போல்ட் போட்ட மிருதங்கம் என்றால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, எதிரெதிராக மாறி மாறித் தளர்த்த வேண்டும்.

இரண்டு தலையையும் கழற்றியபின், நிழலான அறையில் இரண்டு மரச்சட்டங்களுக்கு மேல் மிருதங்கத்தை நிமிர்த்தி வையுங்கள். அடியிலிருந்து காற்று உள்ளே ஏற வேண்டும். தினமும் காலையில் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். மரம் பக்கவாட்டில் காய்வதைவிட வெட்டுமுனையில் பல மடங்கு வேகமாகக் காயும். வாய் விளிம்பு சுருங்க, வயிறு இன்னும் ஊறிப்போய் இருந்தால் வாயிலிருந்து வெடிப்பு ஓடும். அதனால் முதல் வாரம் இரண்டு வாயின் விளிம்பிலும் உலர்ந்த பருத்தித் துணியைத் தளர்வாகச் சுற்றிவிடுங்கள். துணி ஈரமானால் மாற்றுங்கள். மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள், வாத்தியத்தைப் பார்த்து அல்ல. கொழும்புக் காற்றின் ஈரப்பதம் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவிதான், காய்தல் தானாகவே மெதுவாக நடக்கும். ஆனால் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ படர்வதைக் கண்டால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாத்தியத்தை வெளியே கொண்டுபோய் மென்மையான காய்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துத் தெரியாது. மேல் மரம் இரண்டு வாரத்திலேயே காய்ந்தது போலத் தோன்றும். ஒரு தொங்கு தராசு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்து, திகதியோடு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் நிறை குறையாமல் நின்றால்தான் மூட்டுப் போடலாம். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். கனத்த மரத்துக்கு மூன்று மாதமும் செல்லும். முந்திப் போட்டால் மரம் பிறகும் சுருங்கிக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது, போட்ட மூட்டும் பாழ்.

வீணையில் வெயில் செய்யும் கேடு வேறு விதமானது. தந்திகளுக்குக் கீழே உள்ள 24 மெட்டுகளும் கரித்தூள் கலந்த மெழுகில்தான் நிற்கின்றன. தண்ணீர் மெழுகை ஒன்றும் செய்யாது, வெயில் இளக்கிவிடும். ஒரு மத்தியானம் முற்றத்தில் கிடந்தால் மெட்டுகள் சரிந்துவிடும். மேளம் கட்டுவதற்கு, அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் திரும்பப் பதிப்பதற்கு, கைதேர்ந்தவர் தேவை, அவசரத்துக்குக் கிடைக்கமாட்டார். முதலில் தந்திகளைத் தாங்கும் குதிரை நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, ஏழு தந்திகளையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறித் தளர்த்துங்கள். குடத்துக்குள் தண்ணீர் நின்றால் மேற்பலகையின் துளைகள் கீழே பார்க்கும்படி சரித்து வடியவிடுங்கள். துண்டுகளைப் பொருத்திச் செய்த ஒட்டு வீணையில் பொருத்து விட்டிருந்தால் நாடாவால் இலேசாகக் கட்டி வைப்பதோடு நிறுத்துங்கள். ஈர மரத்தில் எந்தப் பசையும் நிற்காது.

வயலினின் மேற்பலகை கழன்று கையோடு வந்தாலும் பயப்பட வேண்டாம். அது விலங்குப் பசையால் ஒட்டியது. தண்ணீரில் விடும், பிறகு அதே பசையால் ஒட்டலாம். யாராவது நல்லெண்ணத்தில் சுப்பர் குளூவோ பைண்டர் கம்மோ பூசிவிட்டால்தான் சீராக்குவது கடினம். சிறு துண்டுகூட விடாமல் ஒரே பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். கிருமி போகட்டும் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் வார்னிஷ் கரைந்துவிடும். ஈரமான உறைப்பெட்டிக்குள் திரும்ப வைக்கவே கூடாது. நாதஸ்வரக் கலைஞர் யாராவது பாதிக்கப்பட்டிருந்தால், வெள்ளத்தில் நனைந்த சீவாளிகளை (ஊதும் நாக்குகளை) எறிந்துவிடச் சொல்லுங்கள். வாயில் வைக்கும் பொருள் அது.

மின் சுருதிப்பெட்டி, கீபோர்ட், அம்ப்ளிபயர் எதையும் வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கக் கூடாது. நனைந்தவுடன் செத்துப்போவதைவிட, ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்து செத்துப்போவதுதான் அதிகம். பற்றரிகளைக் கழற்றிவிட்டு அப்படியே திருத்துபவரிடம் கொடுங்கள். அம்ப்ளிபயரைத் தாமாகத் திறக்க வேண்டாம். பிளக் கழற்றியிருந்தாலும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். துருத்தி உள்ள பழைய சுருதிப்பெட்டியில் பித்தளை நாக்குகள் பெரும்பாலும் தப்பிவிடும். அவற்றைச் சுரண்டக் கூடாது, மெல்லிய கீறல்கூடச் சுருதியை மாற்றிவிடும். பதிவுகள் உள்ள ஹார்ட் டிஸ்க் நனைந்திருந்தால் அரிசிக்குள் புதைக்காமல், ஈரத் துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் கட்டி, தரவு மீட்பவரிடம் அப்படியே கொண்டுபோங்கள். உள்ளே சேறு காய்ந்து ஒட்டினால் மீட்பது கடினம்.

கொப்பிகளுக்குத்தான் நேரம் இல்லை. ஈரக் காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் தொடங்கும். அதற்குள் காயவைக்க முடியாத அளவு இருந்தால், ஒவ்வொரு கொப்பியையும் தனித்தனியாகப் பொலித்தீனில் சுற்றி பிரிட்ஜின் பிரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த காகிதத்தில் பூஞ்சணம் வளராது. பிறகு ஓய்வாக நாளுக்கு இரண்டு மூன்றாக வெளியே எடுத்து, அச்சிடாத வெள்ளைத் தாளைப் பக்கங்களுக்கிடையே வைத்து, ஈரமானதும் மாற்றி மாற்றிக் காயவிடலாம். போல்பொயின்ட் எழுத்து பெரும்பாலும் நிற்கும், பவுன்டன் பேனா மை பரவும். மை எழுத்துள்ள கொப்பிகளை அலசாமல் முதலில் பிரீசருக்கு அனுப்புங்கள். வெல்லம்பிட்டியில் மின்சாரம் இல்லையென்றால் கொட்டாஞ்சேனையில் உங்கள் பிரீசர்களில் இடம் ஒதுக்குங்கள். காசைவிட அவசரமான உதவி இதுதான். காய்ந்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்தோடும் பேசிப் பாருங்கள்.

கசெட்டை ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம், சுற்றவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் அலசி, நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைக் காயவிட்டால் பிறகு பிரியாது. குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் போட்டு, தானாக விலகும்போது பிரித்து, முகம் மேலே பார்க்கக் காயவையுங்கள்.

ஓவியரின் கன்வஸ் படங்களைச் சுவரில் சாய்க்காமல், வர்ணப்பக்கம் மேலே பார்க்கத் தட்டையாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல் வையுங்கள். ஒற்றித் துடைக்கக் கூடாது, வர்ணம் துணியோடு வந்துவிடும். சட்டத்திலிருந்து கன்வஸைக் கழற்றவும் வேண்டாம், சுருங்கிவிடும். நீர்வர்ணப் படத்தில் தண்ணீரே ஊற்றக் கூடாது.

இனி உங்கள் காசு. சேர்ந்ததில் பாதியை இன்றைக்கே, எதற்கு என்று கேட்காமல், இரண்டு குடும்பங்களின் கையிலும் கொடுத்துவிடுங்கள். அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்துக்கும் பட்டியல் எழுதிக் கேட்க வைப்பது அவர்களைச் சிறுமைப்படுத்தும். மாஸ்டருக்கு உடனடியாக வேண்டியது இரவல் வாத்தியம். வீட்டில் சும்மா கிடக்கிறது என்று எதையாவது கொண்டுபோய்க் கொடுக்காமல், எத்தனை கட்டைச் சுருதிக்கு வேண்டும் என்று கேளுங்கள். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. ஒரு கட்டைக்கு வாசிக்கும் நீளமான மிருதங்கத்தை ஐந்து கட்டைக்கு ஏற்ற முடியாது. பெண் பிள்ளைகள் பாடும் வகுப்புக்கு 22 அங்குலத்துச் சின்ன மிருதங்கமும், ஆண் பாடகர்களின் கச்சேரிக்கு 24 அங்குலத்துப் பெரியதும் வேண்டியிருக்கும். அவர் வீட்டில் மூன்று இருந்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

வகுப்புப் பெற்றோர்கள் மூன்று மாதக் கட்டணத்தை முற்பணமாகக் கொடுத்தால் அது உதவி போலத் தெரியாது, வருமானமாகவே போய்ச் சேரும். வகுப்பு நடத்த வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மேல்மாடி அறையொன்று பார்த்துக் கொடுங்கள். நிவாரணக் கச்சேரி வைத்து மாஸ்டரையே சம்பளமில்லாமல் வாசிக்க வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். 2005 இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு நியூ ஓர்லீன்சில் இசைக்கலைஞர்களுக்கான மருத்துவ நிலையத்தைச் சார்ந்தவர்கள், சிறு சிறு நிகழ்ச்சிகளுக்குத் தாங்களே காசு கொடுத்துக் கலைஞர்களை வாசிக்க வைத்தார்கள். மருந்தைப் போலவே வேலையும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கோவில் திருவிழாவோ சங்க மண்டப நிகழ்ச்சியோ, மாஸ்டருக்கான தொகையை மேடை ஏறுமுன் கையில் கொடுத்துவிடுங்கள்.

மிச்சப் பாதிக் காசைத் தொடாமல் வையுங்கள். வெள்ளம் வடிந்து மூன்றாவது வாரத்தோடு உதவிகள் நின்றுவிடும். மிருதங்கம் மூட்டுப் போடத் தயாராவது எட்டாவது வாரமளவில்தான். அந்த நேரம் பாதிக்கப்பட்ட மற்றவர்களும் அதே ஒரு சில கைவினைஞர்களைத்தான் தேடி வருவார்கள். ஆகவே மூட்டுப் போடுபவரிடமும் வீணை மேளம் கட்டுபவரிடமும் இப்போதே பேசி, முற்பணம் கொடுத்து, வரிசையில் மாஸ்டரின் பெயரைப் போட்டு வையுங்கள். தராசுத் தாளை ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்க்கும் பொறுப்பை உங்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும்.