ஜிஎஃப்எஃப் கோப்பில் இடம் சொல்லி ஜீன் தேடுவது: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

பாலக்கோடு: அக்கா, தக்காளி ஜிஎஃப்எஃப்3 கோப்பை (ஒவ்வொரு ஜீனின் இடத்தையும் வரிவரியாகச் சொல்வது) ஜிஜிப் செய்துவிட்டேன். பைசாம் என்ற பைத்தான் நூலகத்தில் திறக்க மறுக்கிறது.

ஜிஜிப் ஆகாது தம்பி, பிஜிஜிப் வேண்டும். அது கோப்பை 64 கேபிக்கு மிகாத துண்டுகளாகத் தனித்தனியே சுருக்கும். அதனால்தான் நடுவில் நேராகக் குதிக்க முடிகிறது. முதலில் கோப்பின் கடைசியில் ஃபாஸ்டா (டிஎன்ஏ வரிசை) பகுதி ஒட்டியிருந்தால் வெட்டுங்கள். '#' வரிகளை மேலே வைத்து, மற்றதை 1-ஆம் பத்தி எழுத்துவாரியாக, 4-ஆம் பத்தி எண்வாரியாக சார்ட் செய்யுங்கள். பிறகு பிஜிஜிப், அதன்பின் இடவாரியாக இன்டெக்ஸ் போடும் டேபிக்ஸ். எக்ஸெலில் திறந்து சேமிக்கவே கூடாது.

ஓசூர்: ஜீன் 5001-இல் முடிகிறது. 5001-இல் உள்ள எஸ்என்பிக்கு (ஓர் எழுத்து மாறும் இடம்) அது கிடைக்கவில்லை.

ஜிஎஃப்எஃப் 1-இலிருந்து எண்ணும். பைசாமில் இடம் சொல்லி வரிகளை எடுக்கும் ஃபெட்ச் 0-இலிருந்து எண்ணும், முடிவு எண்ணைச் சேர்க்காது. 5000, 5001 என்று கொடுங்கள். 5001, 5002 கொடுத்தால் அடுத்த பேஸைப் (டிஎன்ஏ எழுத்தைப்) பார்க்கும். குரோமோசோம், இரட்டைப்புள்ளி, 5001-5001 என்று ஒரே சரமாகக் கொடுத்தால் மட்டும் 1-இலிருந்து எண்ணும்.

காவேரிப்பட்டணம்: வரிவரியாக வடிகட்டும் ஆக் கட்டளை ஒரு வரி போதுமே மேடம், இன்டெக்ஸ் எதற்கு?

ஒரு கேள்விக்குப் போதும். பத்தாயிரம் எஸ்என்பிக்குப் பத்தாயிரம் முறை கோப்பைப் படிப்பீர்களா?

அரூர்: 10000 முதல் 20000 வரை உள்ள ஜீன்களுக்கு ஆக்கில் 'தொடக்கம் ≥ 10000, முடிவு ≤ 20000' என்று போடுகிறேன். சரியாகத்தானே வருகிறது?

சரியாக வரவில்லை; விடுபட்டது உங்கள் கண்ணில் படவில்லை. 9500-இல் தொடங்கி 10400-இல் முடியும் ஜீன் விடுபட்டுவிடும். 8000 முதல் 25000 வரை நீண்டதும் விடுபடும். வேண்டியது 'தொடக்கம் ≤ 20000, முடிவு ≥ 10000'. இப்படிக் கொஞ்சமாவது மேலே படிகிறதா என்பதைத்தான் ஃபெட்ச் பார்க்கிறது.

காவேரிப்பட்டணம்: ஆக்கிலும் அப்படி எழுதலாமே!

தாராளமாக. குறை ஆக்கில் இல்லை சார், நிபந்தனையில்.

பென்னாகரம்: கேழ்வரகு ஜீனின் புரோமோட்டர் (ஜீனுக்கு முன்னால் அதை இயக்கும் பகுதி) 2000 பேஸ் எப்படி எடுப்பது?

ஜீன் எந்த டிஎன்ஏ இழையில் என்று சொல்லும் 7-ஆம் பத்தியைப் பாருங்கள். கூட்டல் இழையானால் தொடக்கத்துக்கு முந்தைய 2000; ஃபெட்ச்சில் தொடக்கம்−2001, தொடக்கம்−1. கழித்தல் இழையில் புரோமோட்டர் முடிவுக்கு அப்பால் இருக்கும்: முடிவு, முடிவு+2000. கழித்தல் இழையிலும் 4-ஆம் பத்தி எண் 5-ஆம் பத்தி எண்ணைத் தாண்டாது. அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எண் 0-க்குக் கீழே போனால் 0 ஆக்குங்கள்.

தருமபுரி: ஃபெட்ச் பிழை காட்டுகிறது, ஏன்?

ஊத்தங்கரை: எனக்கும்தான்.

குரோமோசோம் பெயர் பொருந்தவில்லை. கோப்பில் உள்ள பெயர்களின் கான்டிக்ஸ் பட்டியலை அச்சிட்டு ஒப்பிடுங்கள். தக்காளியில் எஸ்எல்3.0 என்பதை எஸ்எல்4.0 என்று திருத்தி எழுதிப் பிழையை அடக்காதீர்கள். இரண்டும் வேறு அசெம்பிளி (மரபணுத்தொகுதியைக் கோத்த வேறு பதிப்பு). பிழை போய்விடும், தவறான ஜீன் வந்து நிற்கும்.





கிருஷ்ணகிரி: கோதுமைக்கு டேபிக்ஸ் இன்டெக்ஸ் ஆகவில்லை.

டேபிக்ஸின் வழக்கமான டிபிஐ இன்டெக்ஸ் 53,68,70,912 பேஸ் வரைதான். அதற்குப் பதில் சிஎஸ்ஐ இன்டெக்ஸ் போடுங்கள்.

காவேரிப்பட்டணம்: ஜிஎஃப்எஃப்யூட்டில்ஸ் என்ற பைத்தான் நூலகம் எப்படி?

ஜீனுக்குக் கீழே எக்ஸான், சிடிஎஸ் (புரதத்துக்கான பகுதி) என்று உட்பகுதிகளைத் தேடுவதற்கு அதுதான் நல்லது; எல்லாவற்றையும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைக்கிறது. இடம் சொல்லித் தேடும் அதன் ரீஜன் 1-இலிருந்து எண்ணும். பைசாமுக்கு எழுதிய −1-ஐ அப்படியே அங்கே ஒட்டிவிடாதீர்கள்.