ஐல் ராயல் தீவில் ஷெல்டர் கிடைக்குமா? கேள்வி பதில்

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குள் இருக்கும் ஐல் ராயல் தேசியப் பூங்காவுக்கு நாலைந்து தடவை போய் வந்தவன் என்பதால், இந்தக் கோடையில் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, ஷெல்டர் நிஜமாகவே இலவசமா?

தீவின் முகாம்களில் தங்குவதற்குக் கட்டியிருக்கும் மரக்குடில்தான் ஷெல்டர். அதற்குத் தனி வாடகை இல்லை. ஆறு பேர் வரை உள்ள குழுவுக்கு இரவு தங்கும் பர்மிட்டும் இலவசம். பூங்காவுக்கு மட்டும் தலைக்கு ஒரு நாளைக்கு 7 டாலர் நுழைவுக் கட்டணம். 15 வயது வரை அதுவும் இல்லை. கையைக் கடிப்பது படகு டிக்கெட்தான்.

பார்க்க எப்படி இருக்கும்?

மூன்று பக்கம் மரச்சுவர், மேலே கூரை, முன்பக்கம் முழுக்கக் கொசுவலை, அதில் ஒரு கதவு. கட்டில், விளக்கு எதுவும் கிடையாது. மரத்தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டியதுதான்.

முன்பதிவு செய்ய முடியுமா?

முடியாது. முந்தியவருக்கே இடம். ஹௌட்டன் ஊரிலிருந்து ரேஞ்சர் III கப்பல் ஆறு மணி நேரம் ஓடி, தீவின் ராக் ஹார்பர் துறையில் இறக்கிவிடும். இறங்கிய கூட்டத்தில் பாதி அங்கேயும், மூன்று மைல் தள்ளியுள்ள த்ரீ மைல் முகாமிலும் ஷெல்டர் தேடும். இரண்டிலும் ஒரு இரவுதான் தங்கலாம். கால் தெம்பிருந்தால் ஏழு மைல் நடந்து டெய்ஸி ஃபார்ம் முகாமுக்குப் போய்விடுங்கள், அங்கே ஷெல்டர் நிறைய. மறுநாளிலிருந்து காலையிலேயே நடந்து, மதியத்துக்குள் அடுத்த இடத்தைப் பிடிப்பது நல்லது. என்ன ஆனாலும் கூடாரம் இல்லாமல் போகாதீர்கள். ஷெல்டரை நம்பிக் கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் மழையில் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இருவர்தான். வேறு யாராவது வந்தால் இடம் கொடுக்கணுமா?

ஒரு ஷெல்டரில் ஆறு பேர் வரை தங்கலாம். எல்லா இடமும் நிரம்பிவிட்டால் பகிர்ந்துகொள்ளத் தயாராக இருக்கச் சொல்கிறது பூங்கா. ஒரு வருடம் டெய்ஸி ஃபார்மில் நல்ல மழை. நாங்கள் மூன்று பேர் உள்ளே இருந்தோம். கயாக்கில் வந்த ஒரு வயதான தம்பதி சொட்டச் சொட்ட வெளியே நின்றார்கள். கூப்பிட்டு உட்காரவைத்து, புளிக்காய்ச்சல் பிசைந்த சோறு கொடுத்தோம். கண்ணில் நீர் வந்தாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் அந்த அம்மா. பையை மட்டும் போட்டு ஷெல்டரைப் பிடித்துவைக்கும் ஆட்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

கயாக்கில் போனால் சின்னத் தீவுகளில் தங்கலாமா?

தாராளமாக. டூக்கர்ஸ், கரிபூ, பெல் ஐல், பர்ச், கிரேஸ் எல்லாவற்றிலும் ஷெல்டர் உண்டு. நடந்து போக வழியில்லை, படகில்தான் போகணும். புதியவர்களுக்கு டூக்கர்ஸும் கரிபூவும் போதும். இரண்டும் ராக் ஹார்பர் கால்வாயை ஒட்டியவை. வெளியே உள்ள தீவுகள் அலையைத் தடுக்கும். வடகரையில் இருக்கும் பெல் ஐலுக்கு அனுபவம் வேண்டும். ஆகஸ்டிலும் அந்தத் தண்ணீர் ஐஸ்தான். கவிழ்ந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் கைகால் ஓடாது. காற்று கிளம்பினால் கரையிலேயே இருங்கள், ஒரு நாள் போனால் போகட்டும்.

கரடி உண்டா? தண்ணீர் குடிக்கலாமா?

கரடி இல்லை. நரிதான் திருடன், செருப்பையும் தூக்கிப் போய்விடும். தண்ணீரில் நாடாப்புழு முட்டை இருக்கலாம். கொதிக்க வையுங்கள், அல்லது 0.4 மைக்ரான் வடிகட்டி போடுங்கள். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மாத்திரை மட்டும் போதாது. உள் ஏரிகளில் பாசி படர்ந்திருந்தால் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். அதன் நஞ்சு வடிகட்டினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது.

எங்கள் நாய்க்குட்டியைப் படகிலேயே வைத்திருந்தால்?

அதற்கும் அனுமதி இல்லை. நாயிடமிருந்து தீவில் வாழும் ஓநாய்க்கு நோய் தொற்றும். இரண்டே இரண்டாகக் குறைந்துபோன ஓநாய்களை, 2018, 2019 ஆண்டுகளில் வெளியிலிருந்து 19 கொண்டுவந்து மீட்டிருக்கிறார்கள்.

ஜூனில் போகலாமா?

ஏப்ரல் 16 முதல் அக்டோபர் 31 வரை தீவு திறந்திருக்கும். ஜூனில் போனால் கொசுவும் கறுப்பு ஈயும் பிய்த்தெடுக்கும். ஷெல்டர் வலையில் சில சமயம் ஓட்டை இருக்கும், ஒட்டுவதற்கு ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள்.