வவுச்சருக்குக் கையெழுத்துப் போடும் முன்

சகோ, அமெரிக்காவின் ஒஹாயோவில் பையனை எட்சாய்ஸ் வவுச்சரில் (தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மாநில அரசு தரும் உதவி) தனியார் பள்ளிக்கு மாற்றினால் பேச்சுப் பயிற்சி தொடருமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பி இறங்கிவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் ஐஇபி, அதாவது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கென்று எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம், அவனுடைய சட்ட உரிமை. நீங்களாகத் தனியாருக்குப் போனால் அந்த உரிமை உங்களோடு வராது. அட்மிஷன் மேஜையில் "பார்த்துக்கலாம்" என்று சிரிப்பார்கள். எழுதிக் கொடுங்கள் என்றதும் பேனா நின்றுவிடும். எங்கள் வீட்டில் பட்ட பாடு இது.

ஐஇபி பிள்ளைகளுக்கென்றே ஜான் பீட்டர்சன் உதவித்தொகை இருக்கிறது. பயிற்சிக் கட்டணத்துக்கும் அதைச் செலவிடலாம். ஆனால் எட்சாய்ஸோடு சேர்த்து வாங்க முடியாது.

பள்ளிதான் பிடிக்கவில்லையா? பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் ஓப்பன் என்ரோல்மென்ட் (வெளி மாவட்டப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வது) உண்டா என்று விசாரியுங்கள். அதுவும் அரசுப் பள்ளி, ஐஇபி கூடவே போகும். பஸ் வாசலுக்கு வராமல் போகலாம், அவ்வளவுதான்.